சேற்றுக்குள் ஒரு தொழிற்சாலை: லக்வார்ம் என்னும் கடற்புழுவின் கதை

உலகச் சந்தையில் கிலோவுக்கு மிக அதிக விலை போகும் கடல் உயிரினம் எது? இப்படிக் கேட்டால் பெரும்பாலானவர்கள் சிங்கி இறால் என்பார்கள். விவரம் தெரிந்தவர்கள் ஜப்பான்காரர்கள் ஏலம் எடுக்கும் சூரை மீன் என்பார்கள். இரண்டும் இல்லை. 2017-ல் இங்கிலாந்தின் போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு கணக்கு வெளியிட்டார்கள். கடையில் விற்கும் சில்லறை விலையைக் கிலோ கணக்கில் பார்த்தால், முதல் ஐந்து இடங்களைப் பிடிப்பவை எல்லாம் புழுக்கள்! தூண்டில் முள்ளில் கோர்க்கும் கடற்புழுக்கள்.

உலகம் முழுவதும் ஆண்டுக்குச் சுமார் 1,21,000 டன் கடற்புழுக்கள் தோண்டி எடுக்கப்படுகின்றன என்றும், அதன் மதிப்பு சுமார் 590 கோடி பவுண்டு என்றும் அதே ஆய்வு மதிப்பிட்டது. இவ்வளவு பெரிய வியாபாரம் பெரும்பாலும் எந்த அரசாங்கப் புள்ளிவிவரத்திலும் ஏறாமலேயே நடக்கிறது. ஒரு வாளி, ஒரு மண்வாரி, கடல் வற்றும் நேரம். முதலீடு அவ்வளவுதான்.

அந்தப் புழுக்களில் ஒரு குடும்பத்தின் கதைதான் இது. ஆங்கிலேயர்கள் லக்வார்ம் என்று அழைக்கும் புழு. அறிவியல் பெயர் அரெனிகோலா மரினா. அரெனிகோலா என்றால் லத்தீன் மொழியில் மணலில் குடியிருப்பது என்று பொருள். பள்ளிக்கூட விலங்கியல் பாடத்தில் மண்புழு, அட்டை, நீரிஸ் என்று வளைதசைப் புழுக்களைப் படித்தது நினைவிருக்கிறதா? அந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான் இதுவும்.

மணலுக்குள் ஒரு வீடு

ஐரோப்பாவின் வடமேற்குக் கடற்கரையில் கடல் வற்றும்போது மைல் கணக்கில் சேறும் மணலும் வெளியே தெரியும். அதன்மேல் நடந்தால் எங்கு பார்த்தாலும் சின்னச் சின்ன மணல் குவியல்கள். இடியாப்பம் பிழிந்து வைத்தது போல் சுருள் சுருளாக இருக்கும். ஒவ்வொரு குவியலுக்கும் கொஞ்சம் தள்ளி ஒரு சிறு குழி. குவியல் இருக்கும் பக்கம் புழுவின் வால். குழி இருக்கும் பக்கம் அதன் தலை.

உள்ளே 20 முதல் 40 சென்டிமீட்டர் ஆழத்தில், வளைந்த குழாய் போன்ற வளையில் புழு படுத்திருக்கிறது. பொதுவாக ஒரு சாண் நீளம் இருக்கும். உடலின் நடுப்பகுதியில் 13 ஜோடிச் செவுள்கள், சிவந்த குஞ்சம் மாதிரி. அது தலைப்பக்கம் இருக்கும் மணலை விழுங்கிக்கொண்டே இருக்கும். மேலிருந்து மணல் சரிந்து விழும், அதையும் விழுங்கும். மணலோடு வரும் நுண்ணுயிர்களும் மட்கிய பொருளும்தான் உணவு. மிச்ச மணலை வால் பக்கமாக மேலே வந்து வெளியே தள்ளிவிட்டு மறுபடி உள்ளே போய்விடும்.

சேற்றுக்குள் சில மில்லிமீட்டர் ஆழத்துக்குக் கீழே பிராணவாயு கிடையாது. சேற்றைக் கிளறினால் கறுப்பாக இருக்கும், அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. அந்த இடத்தில் புழு எப்படி உயிர் வாழ்கிறது? உடலை அலை அலையாக அசைத்து, வால் பக்கத்திலிருந்து தலைப் பக்கத்துக்குக் கடல்நீரை இறைக்கிறது. அதாவது புழுவே ஒரு பம்பு செட்டு! அந்த நீர் வளையைச் சுற்றியுள்ள மணலுக்குள்ளும் கசிகிறது. பிராணவாயு இல்லாத சேற்றுக்குள் காற்றோட்டம் கொண்டுபோவது இந்தப் புழுதான்.

இந்தப் புழு எவ்வளவு ஒழுங்காக வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடித்தவர் ஜி. பி. வெல்ஸ். அறிவியல் புனைகதை எழுதிய எச். ஜி. வெல்ஸின் மகன் இவர், லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் விலங்கியலாளர். 1940-களில் லக்வார்மைக் கண்ணாடிக் குழாய்களில் வைத்து அதன் அசைவுகளைப் பதிவு செய்தார். உணவு விழுங்கும் வேலை சுமார் 7 நிமிடத்துக்கு ஒரு சுற்று. மேலே வந்து கழிவைத் தள்ளி, நீர் இறைக்கும் வேலை சுமார் 40 நிமிடத்துக்கு ஒரு சுற்று. வெளியிலிருந்து யாரும் தூண்டாமலேயே உடலுக்குள் இந்தக் கடிகாரம் ஓடுகிறது.

டார்வினின் மண்புழுவும் டேவிசனின் கடற்புழுவும்

1758-லேயே லின்னேயஸ் இந்தப் புழுவுக்குப் பெயர் வைத்துவிட்டார். அவர் அதை மண்புழுவின் பேரினத்தில் சேர்த்திருந்தார். பிறகு 1801-ல் லமார்க் அரெனிகோலா என்ற தனிப் பேரினத்தை உண்டாக்கினார். ஆனால் பெயர் வைத்தார்களே தவிர, அது என்ன வேலை செய்கிறது என்று யாரும் அவ்வளவாகக் கவலைப்படவில்லை.

அந்தக் கேள்வியைக் கிளப்பியது டார்வின். அவர் எழுதிய கடைசிப் புத்தகம் 1881-ல் வந்தது, மண்புழுக்களைப் பற்றி. ஆண்டுக்கு ஒரு ஏக்கர் நிலத்தில் மண்புழுக்கள் பத்து டன்னுக்கு மேல் மண்ணை மேலே கொண்டுவருகின்றன என்று அதில் காட்டினார். அற்பமாக நினைத்த ஒரு ஜீவன் நாட்டின் நிலத்தையே உழுது போடுகிறது என்பது அன்றைய வாசகர்களுக்குப் பெரிய அதிர்ச்சி. புத்தகம் பரபரப்பாக விற்றது.

பத்து ஆண்டு கழித்து, 1891-ல், சார்லஸ் டேவிசன் அதே கேள்வியைக் கடற்கரைக்குக் கொண்டுபோனார். இவர் பர்மிங்ஹாமில் கணக்கு வாத்தியார். நிலநடுக்க ஆராய்ச்சியில் பின்னாளில் பெயர் பெற்றவர். இங்கிலாந்தின் வடகிழக்கே நார்த்தம்பர்லாந்து கடற்கரையில் ஹோலி ஐலண்டு என்றழைக்கப்படும் லிண்டிஸ்ஃபார்ன் தீவு இருக்கிறது. அதைச் சுற்றியுள்ள மணல் வெளியில் லக்வார்ம் குவியல்களை எண்ணி, எடை போட்டு, ஒரு ஆண்டுக்குப் பெருக்கிப் பார்த்தார். வந்த விடை: ஏக்கருக்கு ஆண்டுக்கு 1,911 டன்.

டார்வினின் மண்புழுக் கணக்கை விட நூறு மடங்குக்கும் மேல்! அவ்வளவு மணலையும் அந்த ஏக்கரிலேயே பரப்பினால் ஏறக்குறைய ஒரு அடி கனத்துக்கு வரும். அதாவது கடற்கரையின் மேல்மண் முழுவதும் ஒவ்வொரு ஆண்டும் இந்தப் புழுக்களின் வயிற்றுக்குள் போய் வெளியே வருகிறது.

டார்வினின் மண்புழு உலகப் புகழ் பெற்றது. டேவிசனின் கடற்புழு ஆராய்ச்சி இதழ்களுக்குள்ளேயே தங்கிவிட்டது. காரணம் எளிது. வயலில் மண்புழு இருந்தால் விவசாயிக்கு லாபம். கடற்சேற்றில் புழு இருந்தால் யாருக்கு லாபம்? 19-ம் நூற்றாண்டில் ஒருவருக்குத்தான் அந்தப் பதில் தெரியும்: தூண்டில் போடுகிறவருக்கு.

ஆறு வாரம், நாற்பது லட்சம் புழுக்கள்

வடகிழக்கு இங்கிலாந்தின் மீனவர் குடும்பங்களில் தூண்டில் இரை சேகரிப்பது வீட்டு வேலைகளில் ஒன்று. ஆயிரக்கணக்கான முட்கள் கொண்ட நீளக் கயிறுகளுக்கு சிப்பி, புழு எல்லாம் கோர்த்துத் தரவேண்டும். அதைப் பெரும்பாலும் பெண்களும் பிள்ளைகளும் செய்தார்கள். தங்கள் தேவைக்கு மட்டும் எடுத்தவரை கடல் தாங்கியது.

20-ம் நூற்றாண்டில் நிலைமை மாறியது. கடலில் தூண்டில் போடுவது லட்சக்கணக்கானவர்களின் பொழுதுபோக்கானது. நகரத்திலிருந்து வருகிறவருக்குச் சேற்றில் தோண்ட நேரமில்லை, ஆனால் கையில் காசு இருக்கிறது. இரைக்கடைகள் வந்தன. இரைக்கடைக்குப் புழு தரும் தோண்டிகள் வந்தார்கள். வேறு வேலை கிடைக்காத கடற்கரை ஊர்களில் இது ஒரு வருமானம். சேறு பொதுச்சொத்து, சரக்குக்கு அசல் விலை பூஜ்யம்.

1984-ம் ஆண்டு குளிர்காலம். டேவிசன் கணக்குப் போட்ட அதே பகுதியில், லிண்டிஸ்ஃபார்ன் தேசிய இயற்கைக் காப்பகத்துக்குள் இருக்கும் பட்ல் பே என்ற சிறிய விரிகுடாவில் வியாபாரத் தோண்டல் உச்சத்துக்குப் போனது. ஆறு வாரத்தில் சுமார் 40 லட்சம் புழுக்கள் எடுக்கப்பட்டன. சராசரியாக ஒரு நாளைக்கு 95,000! ஒரு சதுர மீட்டருக்கு 40 புழுக்கள் இருந்த இடத்தில் ஒன்றுகூட முழுதாக இல்லை என்ற நிலை வந்தது.

நஷ்டம் புழுவோடு நிற்கவில்லை. அங்கே குளிர்காலம் கழிக்க வரும் நீர்ப்பறவைகளுக்காகத்தான் அந்தக் காப்பகமே. அவற்றில் ஒன்று பட்டைவால் மூக்கன். தமிழகக் கடற்கரைக்கும் குளிர்காலத்தில் வரும் பறவைதான் இது. நீண்ட அலகைச் சேற்றுக்குள் விட்டு லக்வார்மைப் பிடித்துத் தின்னும். ஒரு பக்கம் சாப்பாடு காலி. இன்னொரு பக்கம் நாள் முழுக்க மனித நடமாட்டம், பறவை உட்கார்ந்து தின்ன முடியாது. தோண்டிய குழிகளை மூடாமல் போனால் அவை வாரக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஆழத்தில் புதைந்து கிடந்த காரீயம், காட்மியம் போன்ற உலோகங்கள் தோண்டும்போது மேலே வருகின்றன என்றும் அதே கடற்கரையில் செய்த ஆய்வு 1985-ல் சொன்னது.

இங்கேதான் ஒரு திருப்பம். தோண்டல் நின்றபின் சில மாதங்களிலேயே பட்ல் பேயில் புழுக்கள் மறுபடி நிறைந்துவிட்டன. சுற்றியிருந்த தோண்டாத சேற்றிலிருந்து புழுக்கள் நகர்ந்து வந்தன. "பார்த்தீர்களா, ஒன்றும் ஆகவில்லை" என்று தோண்டுகிறவர்கள் சொல்ல இது போதுமே!

ஆனால் 1987-ல் வேல்ஸ் நாட்டின் ஸ்வான்சி விரிகுடாவிலிருந்து வந்த ஆய்வு வேறு மாதிரி சொன்னது. அங்கே தோண்டிய இடத்தில் கோடைக்காலம் முழுக்க, ஆறு மாதம் வரை, புழு திரும்பவே இல்லை. ஒரே புழு, இரண்டு விடைகள். பட்ல் பேயைக் காப்பாற்றியது பக்கத்தில் தோண்டாமல் விட்டிருந்த இடம். வங்கிக் கணக்கில் சொன்னால், ஒரு கணக்கைத் துடைத்து எடுத்தபோது பக்கத்துக் கணக்கிலிருந்து பணம் வந்து விழுந்தது. பக்கத்துக் கணக்கும் காலியாக இருந்தால்?

இயந்திரம் வந்தபோது

அந்தக் கேள்விக்குப் பதில் நெதர்லாந்தில் கிடைத்தது. நெதர்லாந்து, ஜெர்மனி, டென்மார்க் மூன்று நாட்டுக் கரையிலும் நீண்டு கிடக்கும் வாடன் கடல், உலகின் மிகப் பெரிய சேற்று மணல் வெளிகளில் ஒன்று. 2009-ல் இதன் நெதர்லாந்து, ஜெர்மனிப் பகுதிகளையும், 2014-ல் டென்மார்க் பகுதியையும் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சொத்தாக அறிவித்தது.

இங்கே மண்வாரிக்குப் பதில் இயந்திரப் படகு. அது சேற்றை உழுது, ஆழமான வாய்க்கால் போட்டு, புழுவைச் சலித்து எடுத்தது. ஆண்டுக்கு 1.7 கோடி முதல் 2 கோடி புழுக்கள். கையால் தோண்டியதையும் சேர்த்துப் பார்த்தாலும், அந்தப் பகுதியில் இருந்த மொத்தப் புழுக்களில் இது முக்கால் சதவீதம்தான் என்று கணக்கு வந்தது. முக்கால் சதவீதம் என்றால் யார் கவலைப்படுவார்கள்?

யான் பியூகெமா என்ற டச்சு விஞ்ஞானி அந்த இயந்திரம் நான்கு ஆண்டு வேலை செய்த ஒரு குறிப்பிட்ட இடத்தைக் கவனித்து 1995-ல் எழுதினார். அந்த இடத்தில் புழுக்களின் இறப்பு ஏறக்குறைய இரட்டிப்பாகியிருந்தது. எண்ணிக்கை ஆண்டுக்கு ஆண்டு சரிந்தது. புழுவாவது பரவாயில்லை. அதே சேற்றில் ஆழமாகப் புதைந்து வாழும் மையா என்ற பெரிய மட்டி ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. அதை யாரும் விற்கவும் இல்லை, தின்னவும் இல்லை. இயந்திரத்தின் வழியில் இருந்தது, அவ்வளவுதான். தோண்டல் நின்ற பிறகும் அந்த இடம் மீள்வதற்குப் பல ஆண்டுகள் ஆயின.

சராசரி எப்படி ஏமாற்றும் என்பதற்கு வேறு உதாரணம் வேண்டாம். முழுக் கடலுக்கும் முக்கால் சதவீதம். தோண்டிய இடத்துக்கு அதுவே பேரழிவு.

நீதிமன்றத்தில் ஒரு புழு

சரி, சட்டம் என்ன சொல்கிறது? இங்கிலாந்தில் கடலில் மீன் பிடிப்பது பொதுமக்களின் பழைய உரிமை. அப்படியானால் மீனுக்கு இரை தோண்டுவதும் உரிமைதானே? பட்ல் பேவுக்குத் தெற்கே பவ்மர் என்ற மீனவ ஊர் இருக்கிறது. அங்கே இரை தோண்டக் கூடாது என்று உள்ளாட்சி மன்றம் போட்ட விதியை ஒட்டிய வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. 1993-ல் வந்த தீர்ப்பில் ஒரு கோடு கிழிக்கப்பட்டது. சொந்தத் தூண்டிலுக்கு இரை எடுப்பது மீன்பிடி உரிமையோடு ஒட்டிய உரிமை. விற்பதற்காகத் தோண்டுவதற்கு அந்த உரிமை கிடையாது. அதே பத்தாண்டில் வடக்கு அயர்லாந்து நீதிமன்றமும் ஏறக்குறைய இதே கோட்டைத்தான் கிழித்தது.

காகிதத்தில் நல்ல கோடு. ஆனால் வாளியோடு நடந்து வருகிற ஒருவரைப் பார்த்து, இது சொந்தத் தூண்டிலுக்கா, கடைக்கா என்று கண்டுபிடிப்பது எப்படி? இன்றுவரை காவலர்களுக்குத் தலைவலி இதுதான்.

இதில் இன்னொரு வேடிக்கை. 1993-ம் ஆண்டே, ஸ்வான்சியில் இருந்த காட்மன், நெல்சன்-ஸ்மித் என்ற இரு ஆய்வாளர்கள் லக்வார்ம் என்பது ஒரே இனம் அல்ல, இரண்டு என்று நிரூபித்தார்கள். கரையோரச் சேற்றில் இருப்பது அரெனிகோலா மரினா. கடல் மிகவும் வற்றும்போது மட்டும் தெரியும் கீழ்ப்பகுதியில், இன்னும் ஆழமாக வளை தோண்டி வாழ்வது வேறு இனம். அதற்கு அரெனிகோலா டிஃபோடியன்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தூண்டில்காரர்களுக்கு இது ஒன்றும் புதுச் செய்தி அல்ல. அவர்கள் அதற்கு முன்பிருந்தே ஒன்றை "புளோ லக்" என்றும், மற்றதை "பிளாக் லக்" என்றும் தனித்தனியாக அழைத்து, தனித்தனி விலைக்கு விற்று வந்தார்கள். 1758-ல் ஆரம்பித்த அறிவியல், தூண்டில்காரருக்குத் தெரிந்ததைத் தெரிந்துகொள்ள 235 ஆண்டு ஆனது! முதலில் சொன்ன விலைப் பட்டியலில் முதல் ஐந்துக்குள் இருப்பது இந்தக் கறுப்பு லக்தான்.

புழுவை வெளியேற்றிப் பார்த்தார்கள்

புழு இல்லாவிட்டால் சேறு என்ன ஆகும்? அதையும் சோதித்துப் பார்த்தார்கள். ஜெர்மனியின் சில்ட் தீவில் 2002-ல் கார்ஸ்டன் ரைசெ, நில்ஸ் ஃபோல்கன்போர்ன் குழுவினர் ஒவ்வொன்றும் 400 சதுர மீட்டர் கொண்ட பாத்திகளைத் தேர்ந்தெடுத்தார்கள். மணலுக்குள் 10 சென்டிமீட்டர் ஆழத்தில் ஒரு மில்லிமீட்டர் கண்ணுள்ள வலையைப் புதைத்தார்கள். வலை இருப்பதால் புழுவால் மேலும் கீழும் வளை போட முடியாது. இடத்தைக் காலி செய்து போய்விட்டது.

புழு போன பாத்திகளில் நுண்ணிய வண்டல் மணல்துளைகளை அடைத்தது. தண்ணீர் உள்ளே ஊடுருவுவது குறைந்தது. மட்கிய பொருள் தேங்கியது, சல்ஃபைடு ஏறியது. மணல் வெளி மெதுவாகச் சேற்று வெளியாக மாறத் தொடங்கியது. அங்கே வாழும் மற்ற உயிர்களும் மாறின. உயிரினங்கள் தாம் வாழும் இடத்தையே மாற்றி அமைப்பதை 1994 முதல் "சூழல் பொறியாளர்" வேலை என்று சூழலியலாளர்கள் அழைக்கிறார்கள். அந்தப் பட்டத்துக்கு அணை கட்டும் பீவரைத்தான் எல்லோரும் உதாரணம் காட்டுவார்கள். லக்வார்மும் அதே வரிசையில் உட்கார வேண்டியதுதான்.

தோண்டாமல் வாழ முடியுமா?

ஒரு வழி, வளர்ப்பது. 1980-களில் நியூகாஸில் பல்கலைக்கழகத்தின் பீட்டர் ஆலிவ் ஆராய்ச்சியை வைத்து, நார்த்தம்பர்லாந்தின் லைன்மவுத்தில் ராக்வார்ம் என்ற இன்னொரு கடற்புழுவை வளர்க்கும் பண்ணை தொடங்கியது. பக்கத்து மின் நிலையத்தின் வெந்நீர் புழுக்களைச் சீக்கிரம் வளர வைத்தது. இப்படிப்பட்ட புழுக்களுக்கு தூண்டில்காரர்கள் மட்டும் வாடிக்கையாளர்கள் அல்ல. இறால் குஞ்சு பொரிப்பகங்களில் தாய் இறால்களுக்குக் கடற்புழுதான் சத்தான தீனி. தமிழ்நாடு, ஆந்திராக் கரையில் உள்ள பொரிப்பகங்களும் இதைப் பயன்படுத்துகின்றன.

இன்னொரு வாடிக்கையாளர் மருத்துவமனை. லக்வார்மின் ரத்தத்தில் உள்ள ஹீமோகுளோபின் அணுக்களுக்குள் அடைபடாமல் ரத்தத்தில் நேரடியாகக் கரைந்திருக்கிறது. மனித ஹீமோகுளோபின் மூலக்கூறு ஒன்று 4 பிராணவாயு மூலக்கூறுகளைச் சுமக்கும். இந்தப் புழுவினுடையது 156-ஐச் சுமக்கும். கடல் வற்றியிருக்கும் நேரத்தில் மூச்சைச் சேமித்து வைக்க அதற்கு இயற்கை கொடுத்த வழி இது. பிரான்சின் ஃபிராங்க் சால் என்ற விஞ்ஞானி 2007-ல் ஹெமரினா என்ற நிறுவனத்தைத் தொடங்கி, மாற்று அறுவைக்காக எடுத்து வைக்கும் சிறுநீரகம் கெடாமல் இருக்க இந்தப் பொருளைப் பயன்படுத்த முடியும் என்று காட்டினார். 2022-ல் அதற்கு ஐரோப்பிய அனுமதியும் கிடைத்தது. அதற்கான புழுக்களைக் கடற்கரையில் தோண்டாமல் பண்ணையில் வளர்க்கிறார்கள்.

பண்ணை வந்ததால் தோண்டல் நிற்கவில்லை என்பதையும் சொல்லவேண்டும். பண்ணைப் புழுவுக்குத் தொட்டி, தீனி, மின்சாரம், சம்பளம் எல்லாம் செலவு. சேற்றுப் புழுவுக்கு முதுகு வலி மட்டும்தான் செலவு. அசல் விலை பூஜ்யமாக இருக்கும்வரை போட்டியில் சேறுதான் ஜெயிக்கும். அதற்காகத் தோண்டுகிறவரை வில்லனாக்குவதும் நியாயம் இல்லை. அந்த இரண்டு வாளிப் புழுவில் ஒரு குடும்பத்தின் வாரச் செலவு இருக்கலாம்.

நடுவே ஒரு வழி இருக்கிறது, அதைப் பட்ல் பே தானே காட்டிவிட்டது. கடற்கரையில் ஒரு பகுதியைத் தோண்டாமல் விடவேண்டும். அங்கிருந்துதான் மற்ற இடங்களுக்குப் புழு போய்ச் சேரும். தோண்டிய குழியை மூடவேண்டும். இலையுதிர்காலத்தில் சில நாட்களே நடக்கும் இனப்பெருக்கத்தின்போது கை வைக்கக் கூடாது. அந்த நாட்களில் ஆண் புழுக்கள் மணல் மேல் விந்தை விடுகின்றன, ஏறி வரும் கடல்நீர்தான் அதைப் பெண் புழுக்களின் வளைக்குக் கொண்டுபோகிறது. புழுக்கள் குறைந்து தூரம் தூரமாகிப் போனால் அந்தத் தபால் போய்ச் சேராது.

முதலைத் தொடாமல் வட்டியில் வாழ்வது என்பார்கள். லக்வார்ம் விஷயத்தில் வட்டி எவ்வளவு என்று ஓரளவு தெரிந்துவிட்டது. கடையில் ஒரு புழுவின் விலை கேட்டால் உடனே சொல்லிவிடுவார்கள். அதே புழு சேற்றுக்குள் இருந்து ஆண்டு முழுக்க மணலைப் புரட்டி, நீர் இறைத்து, பறவைக்கும் மீனுக்கும் இடம் செய்து கொடுத்த வேலைக்கு என்ன கூலி? அந்தத் தொகையை இதுவரை எந்தக் கடைக்காரரும் பில்லில் சேர்த்ததில்லை.